மதுரை: கோயிலைச் சுற்றியுள்ள பழைய டவுனுக்கு ராத்திரியில் ஆள் வர என்ன செய்யலாம்?

வெளிவீதிக்காரன்:

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நம் ஊரில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? காலையில் ஜங்ஷனில் இறங்கி மீனாட்சியைக் கும்பிடுகிறார்கள். மத்தியானம் நடை சாத்தியதும் ஒரு ஜிகர்தண்டா. அப்புறம் ராமேஸ்வரமோ கொடைக்கானலோ, வண்டி ஏறிவிடுகிறார்கள். ராத்திரி தங்குகிறவர்களுக்கும் பள்ளியறை பூஜை பார்த்த பிறகு சித்திரை வீதியை ஒரு சுற்றுச் சுற்றுவதோடு சரி. பத்து மணிக்கு மேல் ஆவணி மூல வீதியில் தெருவிளக்கும் நாய்களும்தான்.

2016ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் மதுரை வந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டை இடித்துக் கட்டினார்கள். மாசி வீதிகளைத் தோண்டிப் புதிதாகப் போட்டார்கள். வடக்கு ஆவணி மூல வீதியில் பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் அடுக்கு மாடி பார்க்கிங் வந்தது. கட்டடம் எல்லாம் வந்துவிட்டது. சாயங்காலம் குடும்பத்தோடு டவுனுக்குப் போகலாம் என்று நினைக்க ஒரு காரணம் மட்டும் இன்னும் வரவில்லை.

என் யோசனை இதுதான். இந்தூரில் சராஃபா என்று ஒரு நகைக்கடைத் தெரு. பகல் முழுக்கத் தங்க வியாபாரம். எட்டு மணிக்கு மேல் ஷட்டர் இறங்க இறங்க, அதே கடைகளின் முன்னால் தின்பண்டக் கடைகள் முளைக்கும். சோளத்தைத் துருவிச் செய்யும் கீஸ், தயிர்வடை, தட்டு அகலத்துக்கு ஜிலேபி என்று நள்ளிரவு தாண்டியும் தெரு நிரம்பி வழியும். அகமதாபாத் மாணிக் சௌக்கும் அப்படித்தான்: காலையில் காய்கறி, பகலில் நகை, ராத்திரி சாப்பாடு. நம்மிடம் தெற்கு ஆவணி மூல வீதி இருக்கிறது. முழுக்க நகைக்கடை, கோயில் கோபுரத்தின் நிழல், ஒன்பது ஒன்பதரைக்கு எல்லாக் கடையும் சாத்திவிடும். சனி, ஞாயிறு மட்டும் ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை அங்கே சாப்பாட்டுக் கடைகள் போட்டால் என்ன?

கீழமாசி சரக்கு:

யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது அண்ணே. ஆனால் ராத்திரி டவுன் காலியாகத் தெரிவது நடந்து போகிறவருக்கு. எங்களுக்கு அப்போதுதான் வேலையே. கீழமாசி வீதியில் பருப்பு, மிளகாய், சீனி மூட்டை இறங்குவது ராத்திரியில். பகலில் லாரியை உள்ளே விட மாட்டார்கள். நீங்கள் தெருவை மறித்து தோசை சுட ஆரம்பித்தால் முதலில் எங்கள் சரக்கு வண்டியைத்தான் திருப்பி விடுவார்கள். மொத்த வியாபாரத்தையே மாட்டுத்தாவணிப் பக்கம் தள்ளிவிட வேண்டும் என்ற பேச்சு வருடக்கணக்காக ஓடுகிறது. டூரிசம் என்று யாராவது வாயைத் திறந்தாலே அடுத்து எங்களைக் கிளப்பப் போகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

வெளிவீதிக்காரன்:

கீழமாசியை யாரும் தொடச் சொல்லவில்லை. நான் சொன்னது தெற்கு ஆவணி மூல வீதி ஒன்றை மட்டும். சுமை தூக்குகிற அண்ணன்மாருக்கும் ராத்திரி ஒரு மணிக்குச் சூடாக நாலு இட்லி கிடைத்தால் நல்லதுதானே?

கீழமாசி சரக்கு:

அவர்களுக்கு ஏற்கெனவே கிடைக்கிறது. தள்ளுவண்டி அக்கா ஒருவர் பல வருடமாக வருகிறார். போலீஸ் ரோந்து வண்டி வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போவார். வண்டி போனதும் திரும்பப் பற்றவைப்பார். ஆவி பறக்க இட்லியை எடுத்து இலையில் வைக்கும்போதே ஒரு கண் தெருமுனையில் இருக்கும். ‘தூங்கா நகரம்’ நடக்கிற லட்சணம் இது.

திண்ணை:

மேலே சொன்னதுதான் விஷயத்தின் முடிச்சு. 24 மணி நேரமும் கடை திறக்கலாம் என்று 2019ல் தமிழக அரசு ஆணை போட்டது. 2022ல் மூன்று வருடத்துக்கு நீட்டித்தார்கள், அதன் பிறகும் நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடைகளுக்கு. மதுரையின் ராத்திரிச் சாப்பாட்டை உயிரோடு வைத்திருப்பது புருஷன், பெண்டாட்டி, ஒரு பையன் என்று மூன்று பேர் நடத்துகிற கடைகள். பெரிய ஓட்டலுக்குப் பாதுகாப்பு இருக்கிறது, பருத்திப்பால் வண்டிக்கு இல்லை.

இன்னொரு பக்கம், 2014ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம். அதன்படி வியாபாரிகளைக் கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, எந்தத் தெருவில் எந்த நேரம் கடை போடலாம் என்று நகர விற்பனைக் குழு மூலம் வகுக்க வேண்டும். அந்தக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் அனுமதிக்கிற விற்பனைப் பகுதி என்பதற்கும் அதில் இடம் உண்டு. ஆகவே இதற்குப் புதுத் திட்டமோ கோடிகளோ தேவையில்லை. இருக்கிற சட்டத்தில் ஒரு தெருவுக்கு ஒரு நேரம் எழுதிக் கொடுத்தால் போதும்.

சித்திரைவீதி வாசி:

எல்லோரும் வியாபாரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அங்கே வீடுகளும் இருக்கின்றன. நான் பிறந்ததே ஆவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில்தான். எங்கள் தெருவில் பாதி வீடு லாட்ஜாகவும் குடோனாகவும் மாறிவிட்டது. மிச்சம் இருக்கிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். திருவிழா நாட்களில் ஆட்டோ உள்ளே வராது, டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஆளைச் சேரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம். அது திருவிழா, பொறுத்துக்கொள்கிறோம். வாராவாரம் ஒரு மணி வரை ஸ்பீக்கரும் கூட்டமும் என்றால் எங்களால் முடியாது.

அப்புறம் கழிப்பறை. வருகிறவன் சாப்பிட்டுவிட்டு எங்கே போவான்? எங்கள் சந்துக்குத்தான் வருவான். இப்போதே வருகிறான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். சித்திரை, ஆவணி மூல வீதிகளில் அசைவம் வேண்டாம்.

டவுன்ஹால்ரோடு77:

ஆரம்பித்துவிட்டார்கள் ஐயா! மதுரை என்றாலே கறி தோசை, அயிரை மீன் குழம்பு, குடல், சுக்கா. அதை ஒதுக்கிவிட்டுச் சாப்பாட்டுத் தெருவா? தயிர்சாதம் போட்டுச் சுற்றுலா வளர்ப்பீர்களா?

வைகைக்கரையாள்:

@டவுன்ஹால்ரோடு77 தம்பி, கறி தோசைக்குச் சிம்மக்கல் இருக்கிறது. விளக்குத்தூணைத் தாண்டினால் என்ன வேண்டுமோ அது இருக்கிறது. கோயிலைச் சுற்றி உள்வட்டத்தில் சைவம், வெளியே போகப் போக மற்றது. இது யாரும் சட்டம் போட்டுக் கொண்டுவந்ததில்லை, ஊர் தானாக அப்படி அமைந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

சைவம் என்றால் தயிர்சாதம் மட்டும்தானா? ஒரு தெருவை நிரப்ப என்னிடம் பட்டியல் இருக்கிறது. பருத்திப்பால் முதலில்: பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டி போட்டு, சுக்கும் ஏலமும் தட்டி, மேலே தேங்காய்ப்பூ. வெளியூர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடுத்து முள்ளு முருங்கை அடை, மேலே இட்லிப்பொடி தூவி. கிழங்கு பொட்டலம். குழிப்பணியாரம், வெல்லம் ஒன்று காரம் ஒன்று. நெய் சொட்டுகிற அல்வா. தட்டு கொள்ளாத சட்னியோடு இட்லி. ஜிகர்தண்டாவைச் சொல்லவே வேண்டாம், அதற்கு விளம்பரம் போதும். கடல்பாசியும் பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் சேர்ந்த பழைய பக்குவம் எத்தனை கடையில் இருக்கிறது என்பது வேறு சண்டை.

டவுன்ஹால்ரோடு77:

சரிக்கா, தோற்றேன். ஆனால் பன் பரோட்டாவுக்கு யாராவது ஒரு ஓரம் கொடுங்கள். அது சைவம்தான், சால்னாதான் பிரச்சினை.

கட்டடக்காரி:

நகரத் திட்டமிடல் படித்தவள் என்ற முறையில் ஒன்று இரண்டு.

தெப்பக்குளத்தைப் பாருங்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் வைகைத் தண்ணீர் நிரம்பி நிற்க ஆரம்பித்த பிறகு, சுற்றிலும் தானாகச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. ஒருவரும் விழா எடுக்கவில்லை, ரிப்பன் வெட்டவில்லை. குளத்தைச் சுற்றி உட்கார சுவர் இருக்கிறது, காற்று வருகிறது, குழந்தையைக் கையை விட்டு நடக்க விடலாம். மாசி வீதியில் இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. புதிதாகப் போட்ட நடைபாதையில் பைக் நிற்கிறது. சாப்பாடு ருசியாக இருந்தால் மட்டும் ஆள் வரமாட்டார்கள், உட்கார இடம் வேண்டும்.

டவுனுக்குள்ளேயே ஒரு குளம் இருந்தது என்பது பலருக்கு மறந்தே போய்விட்டது. டவுன்ஹால் ரோட்டில் கடைகளுக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறதே, கூடலழகர் பெருமாள் தெப்பக்குளம். நாலு பக்கமும் கடை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம். அதைத் திறந்துவிட்டால் அதைவிட நல்ல சாயங்கால இடம் ஊரில் இருக்காது. கடைகள், வாடகை, வழக்கு என்று அதில் நிறையச் சிக்கல், அதனால் நாளைக்கே நடக்காது.

அப்புறம் அந்த அடுக்கு மாடி பார்க்கிங். கோயிலுக்குப் பக்கத்தில் பார்க்கிங் கட்டினால் கார் கோயிலுக்குப் பக்கத்தில்தான் வரும். குறுகலான வீதிகளுக்குள் காரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்த இடம் கொடுத்திருக்கிறோம். வெளி வீதிகளுக்கு அப்பால் நிறுத்திவிட்டு உள்ளே நடந்தோ பேட்டரி வண்டியிலோ வரும்படி செய்திருக்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைப் பாருங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி கிடையாது. ஊர் ஒன்றும் இடிந்துவிடவில்லை.

கீழமாசி சரக்கு:

சென்னை பாண்டி பஜாரையும் சொல்லுங்கள் மேடம். 2019ல் நடைபாதை வளாகம் என்று திறந்தார்கள். போய்ப் பாருங்கள், நடக்கிற இடத்தில் எத்தனை பைக் நிற்கிறது என்று.

கட்டடக்காரி:

அதனால்தான் வாரம் இரண்டு நாள், ராத்திரி மட்டும் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. நிரந்தரமாக ஒன்றைக் கட்டிவிட்டு அதைக் காவல் காக்க முடியாமல் விடுவதைவிட, சனிக்கிழமை தடுப்பு வைத்து ஞாயிறு இரவு எடுத்துவிடுவது எளிது. சரிப்படவில்லை என்றால் அடுத்த வாரம் நிறுத்திவிடலாம். கல் பதித்தால் பெயர்க்க முடியாது.

பினாங்கு பாலன்:

வணக்கம். மலேசியாவில் பினாங்கு ஜார்ஜ் டவுனிலிருந்து எழுதுகிறேன், என் தாத்தா ராமநாதபுரம் பக்கம். உங்கள் பேச்சைப் படிக்கும்போது எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது, அதனால் ஒரு எச்சரிக்கை.

எங்கள் பழைய நகரத்தில் வரிசை வரிசையாகக் கடைவீடுகள். கீழே கடை, மேலே குடித்தனம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை தையற்காரர், முடிதிருத்துகிறவர், பூக்கட்டுகிறவர் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். 2000ஆம் ஆண்டு பிறந்ததும் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 2008ல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. சுற்றுலா வந்தது, பணம் வந்தது, கட்டடங்களும் பிழைத்தன. ஆனால் வாடகை ஏறி, மேல்மாடிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டன. இப்போது பல தெருக்களில் காபிக் கடையும் தங்கும் விடுதியும்தான். சாப்பாடு இன்னமும் பிரமாதம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லிட்டில் இந்தியாவில் மாலை கட்டுகிற அம்மா இரண்டு பஸ் மாறித்தான் கடைக்கு வருகிறார்.

சித்திரைவீதி வாசி அவர்கள் கேட்கும் கேள்வியை முதலில் தீர்த்துவிட்டு மற்றதைப் பேசுங்கள் என்பது என் கருத்து.

திண்ணை:

பாலன் அண்ணன் சொன்னது நம் ஊரிலும் நடந்திருக்கிறது, வேறு விதமாக. புதுமண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. நமக்குத் தெரிந்த காலமெல்லாம் தூணுக்குத் தூண் தையல் மிஷின், பாத்திரக் கடை, புத்தகக் கடை. வெள்ளைக்காரர் ஒருவர் காலையில் தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்து ‘இதே மாதிரி இரண்டு’ என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போவார், சாயங்காலம் வாங்கிக்கொள்வார். யாளி சிற்பத்தின் காலடியில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருப்பார்கள். மண்டபத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததைப் பார்த்த பிறகு அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வியாபாரம் என்பது ஆள் நடக்கிற வழியில் இருப்பது. புதுக் கட்டடத்தில் படியேறித் தையற்காரரைத் தேடிப் போகிறவர் எத்தனை பேர்? சுற்றுலாப் பயணி தேடி வந்த ஒரு காட்சியைச் சுற்றுலாவுக்காகவே இழந்திருக்கிறோம்.

வெளிவீதிக்காரன்:

அந்தத் தையற்காரர்களை ராத்திரித் தெருவில் உட்கார வைக்கலாமே? சாப்பாடு மட்டும்தான் என்று யார் சொன்னது? சுங்குடிச் சேலைக்கு 2005லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. முடிச்சுப் போடுவதை நேரில் காட்டினால் நின்று பார்க்காதவர் உண்டா?

வைகைக்கரையாள்:

நிகழ்ச்சி என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2013ல் ‘மாமதுரை போற்றுவோம்’, 2024ல் ‘மாமதுரை விழா’ என்று எடுத்தோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஊரில் புதிதாக விழா கண்டுபிடிக்க அவசியமே இல்லை. வீதிகளின் பெயரே விழாப் பட்டியல்தானே: சித்திரை, ஆடி, ஆவணி மூலம், மாசி. சித்திரைத் தேரோட்டத்துக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் உலகமே வருகிறது. ஆனால் ஆவணி மூலத் திருவிழாவுக்கு?

தெரியாதவர்களுக்காக: அந்த நாட்களில் திருவிளையாடல்களை வரிசையாக நடத்திக் காட்டுவார்கள். கருங்குருவிக்கு உபதேசம், நாரைக்கு மோட்சம், தருமிக்குப் பொற்கிழி, வளையல் விற்றது, நரியைப் பரியாக்கியது, பிட்டுக்கு மண் சுமந்தது, விறகு விற்றது. ஊரையே மேடையாக வைத்து ஒரு நாடக விழா. வெளியூரில் எந்த ஓட்டல் அறிவிப்பிலாவது, எந்த ரயில்வே போர்டிலாவது இதைப் பார்த்திருக்கிறீர்களா? தேதி போட்ட ஒரு அட்டை, இரண்டு மொழியில், லாட்ஜ் கவுன்டரில் வைத்தால் போதும். பிட்டுத் திருவிழா அன்றைக்கு உதிர்ந்த பிட்டு விற்க எத்தனை கடை வேண்டுமானாலும் போடலாம்.

நாயக்கர் மஹால் ஒலி ஒளிக் காட்சி 1981ல் வந்தது. அது முடிந்து வெளியே வருகிறவரிடம் ‘இப்போது எங்கே போக?’ என்று கேட்டால் ஆட்டோக்காரர் கடைப் பெயர்தான் சொல்வார். மஹாலிலிருந்து விளக்குத்தூண், அங்கிருந்து அம்மன் சன்னதி என்று நடக்கிற வழிக்கு ஒரு நல்ல விளக்கும் நாலு பெயர்ப்பலகையும் போடலாம். கோட்டைச் சுவரை இடித்த கலெக்டர் பிளாக்பர்ன் பெயரில்தான் அந்த விளக்குத்தூண் நிற்கிறது. அந்தக் கதைக்கே அரை மணி நேரம் நின்று கேட்பார்கள்.

டவுன்ஹால்ரோடு77:

மதுரைக்காஞ்சியில் நாளங்காடி என்ற பகல் கடைத்தெரு, அல்லங்காடி என்ற ராத்திரிக் கடைத்தெரு இரண்டும் வருகிறது. சங்க காலத்திலேயே ராத்திரிக் கடைத்தெரு நடந்த ஊரில் இப்போது பதினொரு மணிக்கு லத்தி.

நகைக்கடை மாப்பிள்ளை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தெற்கு ஆவணி மூல வீதியில் எங்கள் மாமனாருக்குக் கடை. வெளிவீதிக்காரன் அண்ணன் எங்கள் தெருவை எங்களைக் கேட்காமலே கல்யாணம் பேசி முடித்துவிட்டார்.

சராஃபா விஷயம் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அங்கே நகைக்கடைக்காரர்கள் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் தாராள மனசு இல்லை. ராத்திரி தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தால் பூட்டை உடைக்க எவனும் வரமாட்டான் என்பதுதான் அங்கே சொல்கிற கதை. அது எங்களுக்கும் பொருந்தும். ஆனால் அதே சராஃபாவில் இப்போது நகைக்கடைக்காரர்கள் புகார் சொல்கிறார்கள், அதையும் பாருங்கள். பழைய பலகாரக் கடைகளுக்கு நடுவே மோமோ, நூடுல்ஸ் என்று வண்டிகள் பெருகிவிட்டன, காஸ் சிலிண்டர் வரிசையாக நிற்கிறது, தீப்பிடித்தால் வண்டி உள்ளே வராது என்று. எங்கள் தெரு அகலம் உங்களுக்குத் தெரியும். மாடியில் பட்டறை, மரப்படி, பழைய வயரிங்.

திண்ணை:

நியாயமான பயம். அப்படியானால் சிலிண்டர் இல்லாமல் ஆரம்பிக்கலாம். சமைத்து எடுத்துவந்து சூடாக வைத்து விற்கிற பண்டங்கள் மட்டும். அடுப்பு தேவையானவர்களுக்கு வீதி முனையில் திறந்த இடம். தீயணைப்பு வண்டி போகிற அகலத்துக்குக் கோடு போட்டு, கோட்டைத் தாண்டினால் அந்தக் கடைக்கு அடுத்த வாரம் இடமில்லை.

சித்திரைவீதி வாசி:

ஸ்பீக்கர் கூடாது. பத்தரை மணிக்கு மேல் பாட்டுக் கச்சேரி கூடாது. கழிப்பறை வண்டி இரண்டு முனையிலும் நிற்க வேண்டும், அதற்குப் பூட்டுப் போட்டு வைக்கக் கூடாது. சந்துகளின் வாயில் ஆம்புலன்ஸ் வர வழி. எங்கள் தெருப் பெண்களில் பலகாரம் போடத் தெரிந்தவர்களுக்கு முதல் இடம். இத்தனையும் எழுத்தில் வந்தால் நானே கையெழுத்துப் போடுகிறேன். பதினொன்றரையோடு நிறுத்துங்கள் என்பேன், நீங்கள் ஒரு மணி என்கிறீர்கள்.

வெளிவீதிக்காரன்:

பன்னிரண்டு?

சித்திரைவீதி வாசி:

பன்னிரண்டுக்குத் தெருவைப் பெருக்கிக் கழுவி முடித்திருக்க வேண்டும் என்றால் சரி. காலையில் கோலம் போட வருகிறவர்கள் எண்ணெய்ப் பிசுக்கில் மிதிக்கக் கூடாது.

நகைக்கடை மாப்பிள்ளை:

மாமனாரிடம் இந்த இழையைக் காட்டினேன். கடைப்படியில் நாலடி தருகிறாராம், ஒரு மாதம் பார்க்கலாம் என்கிறார். எண்ணெய்ச் சட்டி மட்டும் வேண்டாம், ஷட்டரில் கரி படியும். சங்கத்தில் பேச வேறு யாராவது பெரியவர் துணைக்கு வர வேண்டும், நான் சொன்னால் எடுபடாது.

கீழமாசி சரக்கு:

சங்கத்துக்கு நான் வருகிறேன். எங்கள் தெரு லாரி நேரத்தையும் அதே மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இட்லி அக்காவிடமும் கேட்டேன். அட்டை கொடுப்பார்களா என்று மட்டும்தான் கேட்டார்.